99 டாட்ஜ் ராம் பிக்கப்: கூரை கன்சோல் மாட்டியதும் மீட்டர் முள் எல்லாம் படுத்துவிட்டது, உதவி தேவை

பனிவண்டி (பிராம்ப்டன், கனடா):

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1999 டாட்ஜ் ராம் 1500, 5.2 லிட்டர் வி8. அலங்காரம் எதுவும் இல்லாத வேலை வண்டி. கூரையில் ஒரு டோம் லைட், அவ்வளவுதான். அதே வருஷத்து எஸ்எல்டி (வசதிகள் கூடின மாடல்) ஒன்று ஜங்க்யார்டில், அதாவது பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் இடத்தில், கிடந்தது. அதிலிருந்து கூரை கன்சோலையும் அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் கனெக்டரோடு ஒரு முழம் வயரையும் கழற்றி வந்தேன். திசைகாட்டி, வெளி வெப்பநிலை, சராசரி மைலேஜ், டாங்கில் இருக்கும் பெட்ரோலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டும் டிஸ்ப்ளே, இரண்டு ரீடிங் லைட், கண்ணாடி வைக்க ஒரு டப்பா எல்லாம் அதில் இருக்கிறது.

வயரிங் படம் பார்த்துச் செய்தது இது. பிங்க் வயருக்கு டோம் லைட்டில் இருந்தே நிரந்தர 12 வோல்ட் எடுத்தேன். சாவி போட்டால் வரும் லைனைப் பியூஸ் பாக்ஸில் இருந்து எடுத்தேன். கறுப்பு எர்த். மஞ்சளும் மல்டிமீட்டரில் எர்த் என்றுதான் காட்டியது, அதனால் கறுப்போடு சேர்த்துக் கூரைத் தகட்டில் கொடுத்துவிட்டேன். ஊதாவில் பழுப்புக் கோடு போட்டதும் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டதும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டின் (பழுது பார்க்கும் கருவியை மாட்டும் இடம்) 3, 11 பின்களுக்குப் போகின்றன. டிரைவர் பக்கத்து ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) வழியாக இழுத்தேன். மீதி இரண்டு வயர், ஊதா-இளம்பச்சையும் கறுப்பு-இளநீலமும், எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் டேப் சுற்றி விட்டிருக்கிறேன்.

இப்போது கதவை மூடினாலும் லைட் அணைவதில்லை. வெப்பநிலை இடத்தில் ‘ஓசி’ என்று இரண்டெழுத்து. திசைகாட்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் வடகிழக்கு என்கிறது. இதெல்லாம் போகட்டும். சாவி போட்டால் ஓடோமீட்டரில் கிலோமீட்டருக்குப் பதில் ‘நோ பஸ்’ என்று வருகிறது. வேகம், ஆர்பிஎம், பெட்ரோல், டெம்பரேச்சர் எல்லா முள்ளும் பூஜ்யத்தில். ஏர்பேக் விளக்கு எரிகிறது. எஞ்சின் மட்டும் எதுவும் நடக்காதது போல ஓடுகிறது. திங்கட்கிழமை வேலைக்கு வண்டி வேண்டும். எங்கிருந்து ஆரம்பிக்க?

கோவை வயர்மேன்:

மஞ்சள் வயரை மீட்டர் வைத்துப் பார்த்தபோது கதவு திறந்துதானே இருந்தது?

அதுதான் விஷயம். இந்த வண்டியில் ரூம் லைட்டுக்குப் பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், கதவு சுவிட்ச் எர்த்தைத்தான் கொடுத்து எடுக்கும். நம்ம ஊர் வண்டிகளிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். கதவு திறந்திருக்கும்போது மஞ்சள் எர்த்தாகத்தான் காட்டும். மூடிவிட்டுப் பாருங்கள், காட்டாது. அதைப் பாடியில் கொடுத்தால் லைட் எப்படி அணையும்? மஞ்சளைக் கறுப்பில் இருந்து பிரித்து, டோம் லைட்டின் பழைய மஞ்சளோடு சேர்த்து விடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், இல்லையென்றால் குளிரில் காலையில் பேட்டரி இருக்காது.

மீட்டர் படுத்த கதை வேறு. அது எர்த் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். அமெரிக்க வண்டி தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

டெக்சாஸ் மாமா:

ஜங்க்யார்டு கன்சோல்தானே, உள்ளே போர்டு போயிருக்கும். இந்த வருஷத்து கன்சோல்களில் ரெசிஸ்டர் கால்களில் சால்டர் விரிசல் விடுவது ஊரறிந்த வியாதி. வேறொன்று வாங்கி மாட்டுங்கள்.

ஸ்பானர்18 (ஸ்கார்பரோ):

அவசரப்பட்டு வாங்க வேண்டாம் தம்பி. சால்டர் விரிசல் உண்மைதான், ஆனால் அதற்கு அறிகுறி வேறு: டிஸ்ப்ளே இருண்டு போகும், அல்லது தட்டினால் வந்து வந்து போகும். உங்களுடையது ஒழுங்காக எரிகிறது.

நீங்கள் 3, 11இல் கொடுத்த இரண்டு வயரும் கரண்ட் வயர் இல்லை. சிசிடி என்று கிறைஸ்லர் வைத்த பேச்சு லைன். எஞ்சின் கம்ப்யூட்டர் வேகத்தையும் ஆர்பிஎம்மையும் அதில்தான் மீட்டருக்குச் சொல்லுகிறது. ஏர்பேக் பெட்டியும் அதில்தான் இருக்கிறது. கன்சோலும் மைலேஜ் கணக்கை அங்கேயே காது வைத்துக் கேட்கிறது. ஒரு வயர் எங்காவது பாடியில் பட்டால் எல்லோருக்கும் வாய் அடைத்துவிடும். எஞ்சினுக்கு ஓட அந்தப் பேச்சு தேவையில்லை, அதனால்தான் அது பாட்டுக்கு ஓடுகிறது. ‘நோ பஸ்’ என்றால் மீட்டருக்கு லைனில் ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

கன்சோல் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டுச் சாவி போட்டுப் பாருங்கோ. மீட்டர் உயிர் வந்தால் குற்றம் கன்சோலில். வராவிட்டால் நீங்கள் இழுத்த வயரில். அப்புறம் ஓபிடி சாக்கெட்டில் 3, 11 இரண்டுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கோ. நல்ல லைனில் இரண்டும் ஏறக்குறைய 2.5 வோல்ட் நிற்கும், இரண்டுக்கும் இடையே வித்தியாசம் மிகச் சிறிதாகத்தான் இருக்கும்.

பனிவண்டி:

மஞ்சளைப் பிரித்து மாட்டினேன், லைட் சரியாகிவிட்டது. கோவை அண்ணாவுக்கு நன்றி.

கன்சோல் கனெக்டரைக் கழற்றியும் ‘நோ பஸ்’ போகவில்லை. சாவி போட்டு அளந்தால் 11இல் பூஜ்யம், 3இலும் பூஜ்யத்துக்குப் பக்கம். அப்படியானால் இரண்டு வயருமே எர்த் ஆகியிருக்கிறதா?

டெக்சாஸ் மாமா:

சரி, கன்சோல் இல்லை. நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். சாக்கெட்டுக்குப் பின்னால் நீங்கள் ஒட்டிய இரண்டு வயரையும் வெட்டி விடுங்கள், மீட்டர் வந்துவிடும். மைலேஜ் காட்டாவிட்டால் என்ன, திசைகாட்டி இருக்கிறதே.

ஸ்பானர்18:

வெட்டினால் மீட்டர் வரும், ஆனால் பழுது நீங்கள் இழுத்த வயரில் அப்படியே இருக்கும். திங்கள் காலைக்குள் பழுதைத் தேட நேரம் இல்லையென்றால் மட்டும் அதைச் செய்யுங்கோ.

இரண்டுமே எர்த் ஆகியிருக்கத் தேவையில்லை. அந்த இரண்டு வயருக்கும் குறுக்கே வண்டிக்குள் டெர்மினேஷன் ரெசிஸ்டர்கள் (லைனை முடித்து வைக்கும் தடைகள்) இருக்கின்றன, சேர்த்துப் பார்த்தால் 60 ஓம் அளவு. ஒன்று எர்த்தில் விழுந்தால் மற்றதையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். எது குற்றவாளி என்று வோல்ட்டில் தெரியாது, ஓமில்தான் தெரியும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு 3 – பாடி, 11 – பாடி என்று தனித்தனியாக அளவுங்கோ. எது ஒரு ஓமுக்கும் கீழே நிற்கிறதோ அதுதான்.

பிறகு மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையை அந்த வயரிலும் மற்றதைப் பாடியிலும் கிளிப் போட்டுவிட்டு, ஒருவர் ஏ பில்லரில் இருந்து வயரை மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டு கூரைவரை போங்கோ. சத்தம் நிற்கிற இடம்தான் பழுதான இடம். ஏ பில்லர் பிளாஸ்டிக்கின் கிளிப்புக்குக் கீழே நசுங்கியிருக்கலாம், டோம் லைட் ஓட்டையின் தகட்டு விளிம்பு கிழித்திருக்கலாம், கன்சோல் முன் ஸ்க்ரூவாகவும் இருக்கலாம். இன்னொன்று, இரண்டு வயரையும் முறுக்கித்தானே இழுத்தீர்கள்? கம்பெனியில் 44 மில்லிமீட்டருக்கு ஒரு முறுக்கு என்று கணக்கு. பக்கத்தில் இருக்கும் லைன்களின் இரைச்சல் ஏறாமல் இருக்கத்தான் அது.

கோவை வயர்மேன்:

சாக்கெட்டில் வயரை எப்படிச் சேர்த்தீர்கள்? வயரைத் தோலோடு கடிக்கிற கிளிப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ரீடிங் லைட்டுக்கு அது போதும், இந்த மாதிரி லைனுக்கு ஆகாது. கொஞ்ச நாளில் உள்ளே பச்சை பூத்துவிடும், உங்கள் ஊரில் ரோட்டில் உப்பு வேறு கொட்டுகிறார்கள். தோலை ஒரு இடத்தில் மட்டும் சீவி, மூல வயரை வெட்டாமல், மேலே சுற்றி சால்டர் வையுங்கள். வெட்டாத வயரில் ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) மாட்ட முடியாது என்பதால் நல்ல துணி டேப் சுற்றினால் போதும்.

பனிவண்டி:

கிடைத்துவிட்டது!

பேட்டரி கழற்றி அளந்ததில் 11 – பாடி 0.4 ஓம், 3 – பாடி 61 ஓம். ஸ்பானர் அண்ணை சொன்ன கணக்கு அப்படியே வந்தது. ஆக வெள்ளை-கறுப்புதான். மனைவி பீப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார, நான் வயரை அசைத்துக்கொண்டே போனேன். ஏ பில்லரில் மாற்றம் இல்லை. கன்சோலின் முன் ஸ்க்ரூவில் ஸ்குரூடிரைவரை வைத்து அரைச் சுற்றுத் திருப்பியதும் சத்தம் நின்றது.

ஜங்க்யார்டில் அந்த ஸ்க்ரூ இல்லாமல்தான் கன்சோல் கிடைத்தது. டப்பாவில் கிடந்த ஒன்றைப் போட்டிருந்தேன், அது அசலைவிட நீளம். பிராக்கெட்டைத் தாண்டிப் போய், கூரைப் பட்டையின் மேல் படுத்திருந்த வயர் கட்டுக்குள் நுனி இறங்கியிருக்கிறது. வெளியே எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தோலில் சின்னப் பல் பட்டது போல ஒரு தடம், உள்ளே செம்பு மினுங்குகிறது. பக்கத்தில் இருந்த ஊதா வயரின் தோலும் பாதி கீறல், ஆனால் செம்பு தெரியவில்லை.

இரண்டு வயரிலும் அந்த இடத்தை வெட்டி, ஷ்ரிங்க் போட்டுச் சேர்த்தேன். ஸ்க்ரூ இறங்கும் பாதையில் இருந்து வயர் கட்டைத் தள்ளிக் கட்டிவிட்டேன். முறுக்காமல்தான் இழுத்திருந்தேன், இப்போது டிரில்லில் பிடித்து முறுக்கி மறுபடி இழுத்தாயிற்று. கடிக்கிற கிளிப்பும் போய்விட்டது. சாவி போட்டால் கிலோமீட்டர் வருகிறது, முள் எல்லாம் எழுந்துவிட்டது, கன்சோலில் சராசரி மைலேஜும் வருகிறது. வி8 வண்டியில் அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் போல.

இன்னும் ‘ஓசி’யும் வடகிழக்கும் பாக்கி.

ஸ்பானர்18:

ஓசி என்றால் வெளி வெப்பநிலைச் சென்சாரின் சர்க்யூட் திறந்து கிடக்கிறது என்று கன்சோல் சொல்லுகிறது. உங்கள் மாடலில் அந்தச் சென்சாரே வைத்திருக்க மாட்டார்கள். எஸ்எல்டியில் ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் சின்னதாக இருக்கும். திரும்ப அந்த ஜங்க்யார்டுக்குப் போய் அதையும் அதன் கனெக்டரையும் எடுத்து வாங்கோ. டேப் சுற்றி வைத்த இரண்டு வயரும் அதற்குத்தான். ஊதா-இளம்பச்சை சிக்னல், கறுப்பு-இளநீலம் அதன் திரும்பு வழி. பெயரில் கறுப்பு இருக்கிறது என்று பாடியில் கொடுத்துவிடாதீர்கள்.

வயரை முன்னால்வரை இழுத்ததும் சென்சாரை மாட்டும் முன் இரண்டு நுனியையும் தொட வையுங்கோ. டிஸ்ப்ளே ‘ஓசி’யில் இருந்து ‘எஸ்சி’க்கு (ஷார்ட் சர்க்யூட்) மாறினால் கன்சோலும் வயரும் சரி, இனி சென்சார் மட்டும்தான். சென்சாரைத் தனியாகப் பார்க்க ஓம் மீட்டர் போதும். குளிரக் குளிர ஓம் ஏறும். மைனஸ் 40 டிகிரியில் 336 கிலோ ஓம், 55 டிகிரியில் 2.488 கிலோ ஓம். இந்த இரண்டுக்கும் நடுவே ஏதாவது காட்டி, கையால் பொத்தினால் இறங்கினால் நல்ல சாமான்.

இனி திசைகாட்டி. அந்த ஸ்க்ரூவை எந்த டிரைவரால் முடுக்கினீர்கள்? காந்த நுனி என்றால் அதுதான் காரணம். முன் ஸ்க்ரூவும் அதற்கு மேலே இருக்கும் கூரைத் தகடும் காந்தம் ஏறினால் கன்சோலுக்கு வடக்கு தெரியாது. கம்பெனி கையேட்டிலேயே அந்த ஸ்க்ரூவையும் தகட்டையும் காந்தம் நீக்க ஒரு வேலைமுறை தனியாக இருக்கிறது. காந்த நீக்கியை இரண்டடி தள்ளி வைத்துக் கரண்ட் கொடுத்து, மெல்லக் கிட்டக் கொண்டு போய் ஸ்க்ரூத் தலையைத் தொட்டு, அதே மெதுவோடு இரண்டடி விலக்கிய பிறகுதான் அணைக்க வேண்டும். கிட்ட வைத்துக்கொண்டே அணைத்தால் முன்பைவிட மோசமாகும்.

கோவை வயர்மேன்:

அந்தக் கருவி இல்லையென்றால் அளவான பித்தளை ஸ்க்ரூ போட்டுப் பாருங்கள். எப்படியும் குட்டை ஸ்க்ரூ வாங்கத்தானே போகிறீர்கள்.

பனிவண்டி:

காந்த நுனிதான். பித்தளை ஸ்க்ரூ போட்டதுமே வடகிழக்கில் இருந்து அசைந்துவிட்டது, ஆனால் தெற்கைத் தென்மேற்கு என்கிறது. சென்சார் வாங்கி கிரில்லுக்குப் பின்னால் மாட்டியாயிற்று. தொட்டதும் ‘எஸ்சி’ வந்தது, மாட்டியதும் மைனஸ் 11. யுஎஸ்/எம் பட்டன் அமுக்கிச் செல்சியஸுக்கு மாற்றிக்கொண்டேன். ஆனால் எஞ்சின் ஓடியபடி நின்றுகொண்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அது பழுதா?

ஸ்பானர்18:

பழுது இல்லை. நின்றால் ரேடியேட்டர் சூடு முன்னால் வந்து சென்சாரில் படும். ஓட ஆரம்பித்துக் காற்று பட்டால் இறங்கிவிடும். அதிகம் என்று பட்டால் சென்சாரை ரேடியேட்டரில் இருந்து தள்ளி, பம்பர் பக்கமாக இறக்கிக் கட்டுங்கோ.

திசைக்கு இன்னும் இரண்டு வேலை. ஊருக்கு ஊர் காந்த வடக்கு விலகுவதைச் சரிக்கட்ட வட்டாரக் குறியீடு 1 முதல் 15 வரை உண்டு, கம்பெனியில் 8இல் வைத்து அனுப்புவார்கள். கையேட்டு வரைபடத்தில் பிராம்ப்டன் எதில் விழுகிறது என்று பார்த்து மாற்றுங்கோ. நம்முடைய பக்கத்தில் காந்த வடக்கு உண்மை வடக்கில் இருந்து சுமார் 10 டிகிரி மேற்கே தள்ளி நிற்கிறது. பிறகு கன்சோலைக் கேலிபரேஷன் (திசையைத் திருத்தி அமைக்கும்) முறைக்குக் கொண்டு போய், காலியான பார்க்கிங்கில் நடக்கிற வேகத்தில் முழு வட்டமாகச் சுற்றுங்கோ, ‘கேல்’ எழுத்து அணையும்வரை. மின்கம்பி, இரும்புக் கொட்டகை, வேறு லாரி எதுவும் பக்கத்தில் வேண்டாம். கூரையில் காந்த ஆன்டெனா வைத்திருந்தால் எடுத்துவிட்டுச் சுற்றுங்கோ, பிறகும் அதை அங்கே வைக்காதீர்கள்.

டெக்சாஸ் மாமா:

இதைப் படித்துவிட்டுப் புது வண்டியில் யாராவது ஏ பில்லரில் வயர் இழுக்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 99இல் அங்கே வெறும் தகடுதான். இப்போது வரும் பிக்கப்களில் பக்கவாட்டு ஏர்பேக் அந்த வழியாகத்தான் மடித்து வைத்திருக்கும். அதன் முன்னால் குறுக்கே வயர் போகக் கூடாது, பின்பக்கமாகத்தான் போக வேண்டும், பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு.

பனிவண்டி:

சுற்றியாயிற்று, கடைசியில் தெற்கு தெற்காகவே வருகிறது. ஆன்டெனா யோசனை சரியான நேரத்தில் வந்தது, வண்டியில் அது இருந்தது. இழையை மூடிக்கொள்ளலாம்.