தண்ணி மாத்துன ரெண்டாம் நாள் மீன் சாகுது: போர் தண்ணியா, வெயிலா, என்ன காரணம்?

திருப்பாலை_தொட்டி கேட்டது:

வணக்கம். மதுரை திருப்பாலையில் மாடி வீடு. தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். உள்ளே மாட்டும் பவர் ஃபில்டர் ஒன்று, ஏர் பம்ப் ஒன்று, அடியில் கலர் கல் ரெண்டு இஞ்ச். மீன்கள்: நியான் டெட்ரா 10, ஏஞ்சல் 2, கப்பி ஏழெட்டு, அழுக்கு தின்னட்டும் என்று ஒரு சக்கர்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மீனை வாளியில் எடுத்துவிட்டு, தொட்டி, கல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவி, புதுத் தண்ணி நிரப்பி, குளோரின் மருந்து சில சொட்டு விடுகிறோம். மறுநாள் தண்ணி பால் மாதிரி வெளுக்கிறது. அதற்கு அடுத்த நாள் நியான் ஒவ்வொன்றாகப் போகிறது. ஏஞ்சல் ரெண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கப்பிக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. கடையில் நீல மருந்து ஊற்றச் சொன்னார்கள், ஊற்றியும் நிற்கவில்லை.

வீட்டு போர் தண்ணி டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு) 1400 காட்டுகிறது. சம்ப்பில் கார்ப்பரேஷன் தண்ணியும் வந்து விழும். பேசாமல் ஆர்.ஓ. தண்ணியே முழுக்க ஊற்றிவிடலாமா? வெயில் காலத்தில் தொட்டி 33 டிகிரிக்குப் போகிறது. சில்லர் வாங்கும் நிலையில் இல்லை.

---

வைகைக்கரை எழுதியது:

நீங்கள் சொன்ன வரிசையிலேயே பதில் இருக்கிறது. கழுவிய மறுநாள் வெளுப்பு, அடுத்த நாள் சாவு. இது நோய் இல்லை, அம்மோனியா. நீல மருந்து (மெத்திலீன் புளூ) இங்கே உதவாது; உபத்திரவம்தான்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது 40 பி.பி.எம். (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) வரைக்கும் பெரிய தொந்தரவு தராது. இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை அதைத்தான் குழாயடியில் கழுவி விடுகிறீர்கள். கார்ப்பரேஷன் தண்ணி வந்த அன்றைக்குக் கழுவியிருந்தால், மிச்சம் ஒட்டியிருந்ததையும் குளோரின் கொன்றிருக்கும். வெளுப்பு என்பது காலியான இடத்தில் வேறு பாக்டீரியா திடீரென்று பெருகுவது. வெளுப்பால் மீன் சாகாது, ஆனால் தொட்டி நிலைகுலைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

போர் தண்ணி இந்த அம்மோனியாவை இன்னும் கொடுமையாக்கும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று விஷம், மற்றது பெரிதாக ஒன்றும் செய்யாது. பி.எச்.சும் (தண்ணியின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) சூடும் ஏற ஏற விஷப் பங்கு கூடும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும். அதே சூட்டில் பி.எச். 8.2 என்றால் ஏறக்குறைய 11 சதவீதம். அதே அழுக்கு, பத்து மடங்குக்கு மேல் விஷம். கோடையில் நம் ஊர்த் தொட்டிகள் ஒரே நாளில் காலியாவது இதனால்தான்.

ஏஞ்சல் மேலே வந்து வாய் பிளப்பதும் இதில் சேர்ந்ததே. ஏர் பம்ப் ஓடும்போதே அப்படிச் செய்தால் காற்றுக்குறை மட்டுமே காரணமாக இருக்காது. அம்மோனியா செவுளை அரித்திருக்கும், அல்லது நைட்ரைட் ரத்தத்தில் ஏறி ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் தடுத்திருக்கும்.

உங்கள் தொட்டி கணக்குக்கு ஏறக்குறைய 56 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 40 லிட்டர்தான் தண்ணி என்று வையுங்கள். மருந்தோ உப்போ இந்த 40-க்குத்தான் கணக்கு. இப்போது செய்ய வேண்டியது:

முதலில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்குங்கள். அட்டைப் பட்டியை நம்ப வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். இரண்டில் எது 0.5 தாண்டினாலும் 10 லிட்டர் எடுத்துவிட்டு 10 லிட்டர் ஊற்றுங்கள். ஊற்றும் தண்ணியின் சூடு தொட்டியோடு ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். மொட்டை மாடி டேங்க்கிலிருந்து மத்தியானம் பிடித்த தண்ணியை நேராக ஊற்றக் கூடாது. தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். நைட்ரைட் காட்டினால் 20 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஒரே தடவை ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். பிறகு எவ்வளவு தண்ணி மாற்றுகிறீர்களோ அந்த அளவுக்கு மட்டும் உப்பு சேர்த்தால் போதும்.

பஞ்சைக் கழுவியே ஆக வேண்டுமென்றால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணியில் ரெண்டு தடவை பிழிந்து எடுங்கள். அழுக்கு நிறம் அப்படியேதான் இருக்கும், இருக்கட்டும். கல்லை வெளியே எடுக்கவே வேண்டாம். ஹோஸைக் கல்லுக்குள் செருகி உறிஞ்சினால் அழுக்கு வந்துவிடும். ஒரு வாரம் தொட்டியின் ஒரு பாதி, மறுவாரம் மறு பாதி.

இப்படி விட்டால் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் பாக்டீரியா பிடித்துவிடும். சீக்கிரம் வேண்டுமென்றால், நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள்; அங்கே நோய் எதுவும் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் காயாமல், அந்தத் தொட்டித் தண்ணியிலேயே கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள்.

நீல மருந்து, ஆன்டிபயாடிக் எதுவானாலும் தனி டப்பில்தான். மெத்திலீன் புளூ பாக்டீரியாவையும் பதம் பார்க்கும், செடிக்கும் ஆகாது.

---

ஒத்தக்கடை_கப்பி எழுதியது:

வைகைக்கரை அண்ணன் சொன்னதோட, தண்ணி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாப் பார்ப்போம். ஆர்.ஓ. மட்டும் ஊத்தாதீங்க. ஆர்.ஓ.-வில் கார்பனேட் கிட்டத்தட்ட இருக்காது. பி.எச்.சைப் பிடிச்சு நிறுத்துறது அந்தக் கார்பனேட்தான். அது தீர்ந்துபோனா, பி.எச். 6-க்குக் கீழ விழுந்துரும். அதுல பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திரும். கலக்கணும், அதுதான் வழி.

கணக்கு சுலபம். போர் 1400, ஆர்.ஓ. 50-ன்னு வச்சுக்கங்க. 2 லிட்டர் போர், 8 லிட்டர் ஆர்.ஓ. சேர்த்தா 320 வரும். ஏஞ்சலுக்கும் கப்பிக்கும் பொதுவா ஒத்துப்போற அளவு இது. ஆனா இன்னைக்கே தொட்டியை 320-க்குக் கொண்டுவரக் கூடாது, அதுவே மீனைக் கொல்லும். இப்ப தொட்டியில 1400 இருந்தா, வாரம் 10 லிட்டர் எடுத்துட்டு வெறும் ஆர்.ஓ. 10 லிட்டர் ஊத்துங்க. 1400, அடுத்து 1060, 810, 620, 480, அஞ்சாவது வாரம் 370. அங்கேர்ந்து 2-க்கு 8 கலவைக்கு மாறிக்கங்க. நடுவுல அம்மோனியாவுக்காக மாத்துற தண்ணியை, அன்னைக்குத் தொட்டியில என்ன டி.டி.எஸ். இருக்கோ அதுக்குப் பக்கமாக் கலந்து ஊத்துங்க.

டி.டி.எஸ். பேனா மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்புன்னு சொல்லாது. 1400-ல பாதி சாதா உப்பாவும் இருக்கலாம். அதனால கார்பனேட்டை அளக்குற கே.எச். கிட் ஒண்ணு வச்சுக்கங்க, கலவையில 3 இல்ல 4 டிகிரி இருந்தாப் போதும். அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் போட்டிருக்கு, அதுல பிடிச்சா ஆகாதான்னு சிலர் கேப்பாங்க. அது கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தைக் கொடுக்கும், டி.டி.எஸ். குறையாது. அந்தத் தண்ணி வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற கழிவுத் தண்ணியும் வேண்டாம், அதுல உப்பு போர் தண்ணியை விடக் கூட.

உங்க சம்ப்புல ரெண்டு தண்ணியும் விழுதுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். கார்ப்பரேஷன் தண்ணி வந்த வாரம் 500 காட்டும், வராத வாரம் 1400. முழுசா மாத்தும்போது மீனுக்கு ஒவ்வொரு தடவையும் வேற ஊர்த் தண்ணி. ஊத்துறதுக்கு முன்னாடி அளந்தே ஆகணும். குளோரினுக்கு: கார்ப்பரேஷன் தண்ணி கலந்திருந்தா, சோடியம் தையோசல்ஃபேட் 10 கிராமை 100 மில்லி தண்ணியில கரைச்சு வச்சுக்கிட்டு, 10 லிட்டருக்கு 1 மில்லி விட்டாப் போதும். சுத்தமான போர் தண்ணிக்கு இது தேவையே இல்ல.

இன்னொண்ணு. போர்ல இருந்து அப்பத்தான் ஏறின தண்ணியில ஆக்சிஜன் கம்மி, கார்பன் டை ஆக்சைடு ஜாஸ்தி. பிடிச்ச உடனே பி.எச். பாத்தா 7.2 காட்டும். ஒரு நாள் ஏர் ஸ்டோன் போட்டு வச்சுட்டுப் பாத்தா 8-ஐத் தாண்டியிருக்கும். அந்த ரெண்டாவது அளவுதான் உண்மை. 20 லிட்டர் வாளியில கலந்து, ராத்திரி முழுக்கக் காத்து விட்டு, காலையில மாத்துங்க.

நியான் பத்தி மட்டும் கடுமையாவே சொல்லிர்றேன்: மதுரைக் கோடைக்கு அது மீன் இல்ல. 20-லேர்ந்து 26 டிகிரி வரைக்கும் சுகமா இருக்கும். 33-ல ஆயுசு போயிரும். அதே மாதிரி சிவப்பும் நீலமும் வேணும்னா கார்டினல் டெட்ரா 29 வரைக்கும் தாங்கும், ஆனா அதுக்கும் உப்பு கம்மியான மெல்லிசான தண்ணி வேணும். அதோட, வளந்த ஏஞ்சல் நியானை முழுங்கிரும். கலக்குற வேலையே வேண்டாம்னா போர் தண்ணியிலேயே மாலி, பிளாட்டி, கப்பி வைங்க. உங்க வீட்டுல கப்பி சாகாம நிக்குதுன்னா, தண்ணி தனக்கு எந்த மீன் வேணும்னு சொல்லிருச்சுன்னு அர்த்தம்.

---

செல்லூர்_ஏர்பம்ப் எழுதியது:

வெயிலுக்கு சில்லர் வேணாம்ணே. மூடியை எடுத்துட்டு, தண்ணி மேல் பரப்பை உரசுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் சாய்ச்சு வைங்க. 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ரெண்டு போதும். தண்ணி ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கிட்டுப் போயிரும். 2 லேர்ந்து 4 டிகிரி குறையும். நம்ம ஊர் வெயில் காஞ்ச வெயில்ங்கிறதால இது சென்னையை விட இங்க நல்லாவே வேலை செய்யும். மூடி இல்லாட்டி கப்பி குதிச்சிரும், அதனால கொசு வலை ஒரு துண்டு கட்டிருங்க.

ஆவியாப் போறது வெறும் தண்ணிதான், உப்பு உள்ளேயே தங்கிரும். ஃபேன் ஓடுனா நாளைக்கு ஒரு லிட்டர் இறங்கும். அதைப் போர் தண்ணியால நிரப்பிக்கிட்டே இருந்தா மாசத்துல டி.டி.எஸ். எங்கேயோ போயிரும். குறைஞ்சதை நிரப்ப ஆர்.ஓ. இல்லாட்டி கேன் தண்ணி மட்டும்.

ஐஸ் கட்டி, ஐஸ் பாட்டில் வேணாம். அரை மணி நேரத்துல 4 டிகிரி இறங்கி, சாயங்காலம் மறுபடி ஏறும். வெள்ளைப்புள்ளி நோய் வர்றது இந்த மாதிரி ஏத்த இறக்கத்துலதான். அக்னி நட்சத்திரம் முடியுற வரைக்கும் மத்தியானம் லைட்டை அணைச்சுருங்க, தீனியைப் பாதியாக்குங்க. மேற்குச் சுவர் ஓரம் தொட்டி இருந்தா இடம் மாத்துங்க.

கரண்ட்: மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில நிறுத்தினா சாயங்காலம்தான் வரும். 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 8 மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு மேல பிடிக்கும், 32-ல 7.3 தான். பாக்டீரியாவுக்கும் அதே ஆக்சிஜன்தான். பவர் ஃபில்டரோட ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போட்டு, அந்த ஏர் பம்ப்பை இன்வெர்ட்டர் லைன்ல குடுங்க. 3 வாட், 5 வாட்டுதான் இழுக்கும். இன்வெர்ட்டர் இல்லாட்டி பேட்டரி ஏர் பம்ப். பம்ப் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருந்தா நான்-ரிட்டர்ன் வால்வு கண்டிப்பா மாட்டணும், இல்லாட்டி கரண்ட் போனதும் தண்ணி குழாய் வழியா இறங்கி பம்ப்புக்குள்ள போயிரும். பவர் ஃபில்டர் ரொம்ப நேரம் நின்னு போச்சுன்னா, ஓட விடுறதுக்கு முன்னாடி உள்ள தேங்கின தண்ணியைக் கொட்டிருங்க.

---

திருப்பாலை_தொட்டி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிட் வாங்கிப் பார்த்தேன்: அம்மோனியா 1, நைட்ரைட் 0.5, பி.எச். 8.2. இனி நியான் வாங்கவில்லை. ரெண்டு சந்தேகம். சக்கர் இருந்தும் கண்ணாடியில் பாசி போகவில்லையே, ஏன்? புது மீன் வாங்கிவந்தால் கவரோடு எவ்வளவு நேரம் மிதக்க விட வேண்டும்?

---

வைகைக்கரை எழுதியது:

அந்த அளவுகளுக்கு இன்றே 10 லிட்டர், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 10 லிட்டர். உப்பையும் போட்டுவிடுங்கள்.

கவரை மிதக்க விடுவது சூட்டைத்தான் சமன் செய்யும், கால் மணி நேரம் போதும். உப்பு அளவு வித்தியாசத்துக்கு அது உதவாது. கடைத் தொட்டியின் டி.டி.எஸ். கேளுங்கள், அல்லது கவர்த் தண்ணியில் பேனாவை விட்டுப் பாருங்கள். 200-க்கு மேல் வித்தியாசம் என்றால், மீனை அதே தண்ணியோடு சின்ன டப்பில் விட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு நொடிக்கு ரெண்டு மூன்று சொட்டாகத் தொட்டித் தண்ணியை இறக்குங்கள். ஒரு மணி நேரம். பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள், கவர்த் தண்ணி தொட்டிக்குள் போகக் கூடாது.

வெளியூரிலிருந்து பார்சலில் பல மணி நேரம் பயணித்த மீனுக்கு இந்த முறை ஆகாது. மூடிய கவரில் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு பி.எச்.சைக் கீழே வைத்திருக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா விஷமாகும். அந்த மீனுக்குச் சூட்டைச் சமன் செய்துவிட்டு, பார்சல் தண்ணியின் டி.டி.எஸ்.சுக்கு ஒத்த தண்ணியை முன்கூட்டியே தனி டப்பில் தயாராக வைத்து, திறந்த உடனே மாற்றிவிட வேண்டும்.

சக்கர் பற்றி: குட்டியில் கொஞ்சம் பாசி தின்னும். வளர வளர நாம் போடும் தீனிதான் அதற்கு ருசி. தின்னும் அளவுக்குக் கழிவும் போடும், உங்கள் அம்மோனியாவில் பெரும் பங்கு அதனுடையதாக இருக்கலாம். ஒரு அடிக்கு மேல் வளரும் மீன். ஒரு அடி அகலத் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. பாசிக்கு லைட்டை ஏழு மணி நேரமாகக் குறைத்து, பழைய ஏ.டி.எம். கார்டால் கண்ணாடியைச் சுரண்டுங்கள்.

---

ஒத்தக்கடை_கப்பி எழுதியது:

சக்கரை எடுத்து வண்டியூர் கண்மாயிலயோ வாய்க்கால்லயோ விட்றாதீங்க. தென் அமெரிக்க மீன், நம்ம ஊர்க் குளங்கள்ல எங்கேயாவது பெருகிட்டா வலையைக் கிழிக்கும், கரையைத் தோண்டும், மத்த மீனோட இரையைத் தின்னும். வாங்கின கடையிலேயே திருப்பிக் குடுங்க, பல கடையில வாங்கிக்குவாங்க. பிடிக்கும்போது நெட் போடாதீங்க, துடுப்பு முள்ளு வலையில சிக்கிக்கிட்டா பிரிக்கவே முடியாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவை உள்ள இறக்கி, மூலையில தள்ளி, தண்ணியோடவே தூக்குங்க.