ஸ்னாப்ஓவர்: ‘மின்னுடைப்பு’ வேண்டாம், ‘வாய்விரிவு’ என்போமா?

மன்னார்குடியிலிருந்து:

விண்வெளியில் சூரியத்தகடு சுற்றுப்புறத்திலிருந்து இழுக்கும் கரண்ட் திடீரென ஏறுவதுதான் ஸ்னாப்ஓவர் (snapover). அதற்குக் கலைச்சொல் பட்டியலில் இருக்கும் ‘மின்னுடைப்பு’ பொருந்தவில்லை ஐயா. நம் பக்கம் உடைப்பு என்றால் கரை போய்விட்டது, மணல்மூட்டை அடுக்கினால்தான் அடைபடும். ஸ்னாப்ஓவரில் எதுவும் உடைவதில்லை. வோல்டேஜைப் போதுமான அளவு குறைத்தால் பழையபடி ஆகிவிடும்.

சூரியத்தகட்டில் கலங்களைக் கோக்கும் உலோகப்பட்டை, கண்ணாடி மூடிகளின் இடுக்கில் துளி வெளியே தெரியும். பட்டை, தகட்டைச் சூழ்ந்திருக்கும் பிளாஸ்மாவைவிட (எலக்ட்ரானும் அயனியும் கலந்த வாயு) சில பத்து வோல்ட் மட்டுமே பாசிட்டிவாக இருந்தால், பக்கத்துக் கண்ணாடியில் எலக்ட்ரான் படிந்து லேசாக நெகட்டிவாகும். பின்னால் வருவதை விரட்டும். ஏறக்குறைய 100–200 வோல்ட்டில் கண்ணாடி கட்சி மாறுகிறது. வேகமாக மோதும் ஒரு எலக்ட்ரான், கண்ணாடியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரானைக் கிளப்பிவிடும். கண்ணாடியே பாசிட்டிவாகும், கிளம்பியவை அதன்மேல் தத்தித்தத்திப் பட்டைக்குப் போகும். ஊசித்துளை உலோகம், சுற்றியுள்ள கண்ணாடியும் உலோகமே என்பதுபோல் கரண்டை இழுக்கும். அதனால்தான் ‘வாய்விரிவு’.

கும்பகோணத்திலிருந்து:

‘விரிவு’ மெல்ல நடப்பதுபோல் இருக்கிறதே அண்ணே. கரண்ட் கிடுகிடுவென ஏறுவதற்கு ‘மடைதிறப்பு’ எடுப்பாக இல்லையா?

மன்னார்குடியிலிருந்து:

மடையில் பலகையைத் தூக்கினால் தண்ணீர் கூடும், மடையின் அகலம் கூடாது. இங்கே கரையாக இருந்ததே மடையாகிறது. ‘திடீர்’ என்பதை விளக்கத்தில் சேர்ப்போம்.

‘உடைப்பு’ என்ற சொல்லை ஆர்க்குக்கு, அதாவது பொறி பறக்கும் மின்பாய்ச்சலுக்கு, வைத்துக்கொள்ளலாம். அது தகட்டின் நெகட்டிவ் முனையில் வருவது, பொருளைச் சேதமாக்குவது. இரண்டுக்கும் தொடர்பும் உண்டு: பாசிட்டிவ் முனையில் வாய் விரிந்தால் எலக்ட்ரான் அதிகம் சேர்ந்து, தகடு முழுவதும் நெகட்டிவ் பக்கம் இறங்கும்; மறுமுனையில் உடைப்புக்கு வழியாகும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் தகடு 160 வோல்ட், அதன் நெகட்டிவ் முனை நிலையத்தின் உலோக உடலோடு இணைந்தது. அலுமினியத்தின்மேல் உள்ள ஆக்சைடு படலம் உடைபடாமலிருக்க, செனான் வாயுவில் இயங்கும் பிளாஸ்மா கான்டாக்டர் எலக்ட்ரானை வெளியே கொட்டி, பிளாஸ்மாவுக்கும் உடலுக்கும் உள்ள வித்தியாசத்தை 40 வோல்ட்டுக்குள் நிறுத்துகிறது.

கும்பகோணத்திலிருந்து:

சரி, வாய்விரிவே இருக்கட்டும். உலோகம், கண்ணாடி, பிளாஸ்மா மூன்றும் சந்திக்கும் டிரிபிள் ஜங்ஷனுக்குப் பட்டியலில் ‘முச்சந்தி’ என்று இருக்கிறது. உடைப்பு தொடங்கும் இடம் அதுதான். ஆனால் டிரிபிள் ஜங்ஷன் சோலார் செல்லுக்கும் அதே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். அது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சந்திகள் அடுக்கிய கலம். அதை ‘மூவடுக்குக் கலம்’ என்று திருத்திவிடுகிறேன்.