பாதியில் நின்ற சாத்தோர்ன் யூனிக்: பழி யார் மேல்?

செங்கல்:
பாங்காக்கில் சப்பான் தாக்சின் ரயில் நிலையத்துப் பக்கம் போனவர்களுக்கு இந்த 47 மாடி அடுக்ககத்தைத் தெரியும். 1990-ல் தொடங்கி, 1997-ல் முக்கால் பாகத்துக்கு மேல் முடிந்திருந்தபோது வேலை நின்றது. காரணம் தெளிவு. அந்த வருடம் ஜூலை 2-ல் தாய்லாந்து நாணயமான ‘பாட்’டின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். டாலருக்கு 25 பாட் என்று இருந்தது ஆறே மாதத்தில் 50-ஐத் தாண்டியது. 56 நிதி நிறுவனங்களை அரசே மூடியது. இதில் கட்டியவரைத் திட்டி என்ன பயன்?

கணக்குப்பிள்ளை:
நண்பரே, நெருக்கடி வருவதற்கு முன் ஏழு வருடம் கையில் இருந்ததே! இதை வடிவமைத்தவரும் கட்டிய முதலாளியுமான ரங்சன் தோர்சுவன், உச்ச நீதிமன்றத் தலைவரைக் கொல்லச் சதி செய்தார் என்று 1993-ல் கைதானார். அப்புறம் யார் நம்பிக் கடன் கொடுப்பார்கள்?

செங்கல்:
2008-ல் தண்டனை, 2010-ல் மேல்முறையீட்டில் விடுதலை. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அவர் வடிவமைத்த ஸ்டேட் டவர் அதே வட்டாரத்தில் 2001-ல் முடிந்ததே, அது எப்படி?

கணக்குப்பிள்ளை:
நானும் அதைத்தான் கேட்கிறேன். அதே நெருக்கடி, அதே ஆள். ஒன்று முடிந்தது, மற்றது நின்றது. அப்படியென்றால் பாட்டின் வீழ்ச்சி மட்டும் காரணமாக இருக்க முடியாது. அப்போது அந்த ஊரில் நின்றுபோன கட்டடங்கள் நூற்றுக்கணக்கில். பெரும்பாலானவற்றைப் பின்னால் யாரோ வாங்கி முடித்துவிட்டார்கள். இது போன்ற சில மட்டும் கடனிலும் வழக்கிலும் சிக்கி, பல வருடம் அப்படியே கிடந்தன.

மழைக்காகம்:
அந்த ஊர்க்காரர்கள் பலர் சொல்வது வேறு. கட்டடத்தின் நிழல் பக்கத்திலிருக்கும் வாட் யான்னாவா கோயில் மேல் விழுகிறதாம், அதனால்தான் விளங்கவில்லையாம்.

கணக்குப்பிள்ளை:
நம்புகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கதை பரவப் பரவ, பணம் கட்டியவர்களைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போகிறது. சில வீடுகளில் மரத்தளம் போட்டு, குளியல் தொட்டி வைத்து, சுவர் அலமாரிகூடப் பொருத்திவிட்டார்கள். குடிவர வேண்டியதுதான் பாக்கி. அந்த நிலையில் நின்றால் வாங்கியவருக்கு எப்படி இருக்கும்?

செங்கல்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனி ஆளை மட்டும் கைகாட்டினால் சட்டத்தின் ஓட்டை தப்பித்துவிடும். வாங்குபவர் பணத்தை மூன்றாம் தரப்பிடம் பாதுகாப்பாக வைக்கும் சட்டம் தாய்லாந்தில் 2008-ல்தான் வந்தது. அதுவும் கட்டாயமில்லை, இரு தரப்பும் விரும்பினால்தான்.

கணக்குப்பிள்ளை:
கட்டாயமாக்க வேண்டும். அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 1997 மேல் மொத்தப் பழியையும் போடுவதைத்தான் ஏற்க மாட்டேன்.