ஹைலக்ஸ் எல்.என்.106: முன் லொக் ஹப் எது வாங்கலாம்?

வயல்கரை (கிளிநொச்சி):
அப்பா காலத்து 1992 டபுள் கப், 2.8 டீசல். போன மாரியில் இரணைமடு வாய்க்கால் கரையில் புதைந்துவிட்டது. முன் சில்லை அச்சோடு பூட்டும் இரண்டு ஹப்பையும் ‘லொக்’கில் திருப்பி, போர்வீல் போட்டும் முன் சில்லு இரண்டும் அசையவில்லை. ட்ரக்டர் கட்டித்தான் இழுத்தோம். கழற்றிப் பார்த்தால் வலப்பக்க ஹப்பின் உள்பற்கள் தேய்ந்து உருண்டு கிடக்கின்றன. இடப்பக்கம் நன்றாக இருக்கிறது. பாவித்த ஐசின் கம்பனி ஹப் ஜோடி ஒன்று வருகிறது. பெயர் தெரியாத புதியது அதில் பாதி விலை. பெரும்போகத்துக்கு முன் முடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய கப்:
தம்பி, ஒரு ஹப் பிடிக்காவிட்டாலே இரண்டு முன் சில்லும் போனதுதான். இரண்டு பக்க அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிப்ரென்சலில் எந்தப் பக்கம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம்தான் ஓடும். உங்கள் வலப்பக்க அச்சு உள்ளே சும்மா சுற்றியிருக்கும், அவ்வளவுதான்.

பாவித்ததானாலும் ஐசினையே எடுங்கள், ஜோடியாக. இந்த வண்டிக்குக் கம்பனி போட்டதே அதுதான். மலிவு ஹப் ஒன்றை நான் போட்டு, இரண்டாவது மழைக்கே உள்வளையம் இரண்டாகப் பிளந்தது. கடையில் லொக் போடும் குமிழை மட்டும் திருப்பிப் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து பல் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். கூராகத் தட்டுப்பட வேண்டும், வழுக்கினால் வேண்டாம். உங்கள் அச்சின் பல்லையும் எண்ணிக்கொண்டு போங்கள்.

அப்புறம், ஆறு நட்டையும் கழற்றியதும் ஹப் கையோடு வராது. ஸ்டட்டுகளில் பிளந்த கூம்பு வாஷர் இறுகியிருக்கும். பித்தளைக் கம்பி வைத்து ஸ்டட் நுனியில் தட்டுங்கள், துள்ளி வரும். உளியால் நெம்பவே கூடாது. பூட்டும்போது அச்சு முனையில் 8 மி.மீ. போல்ட் ஒன்றைத் திருகி வெளியே இழுத்துப் பிடித்தால்தான் அச்சைப் பிடித்து வைக்கும் ஸ்னப் ரிங் காடியில் உட்காரும். ஹப்புக்குள் கிரீஸ் மெல்லிய பூச்சுத்தான். அடைத்தால் குமிழ் இறுகும்.

மலைப்பாதை:
ஹப்பே வேண்டாமென்றால் அச்சையும் சில்லையும் நிரந்தரமாகப் பூட்டும் டிரைவ் பிளான்ஞ் தகடு போடலாம். உடைய அதில் ஒன்றுமில்லை. ஆனால் தார் றோட்டிலும் முன் அச்சு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும், டீசலும் கொஞ்சம் கூடும்.

பழைய கப்:
சேற்றில் ஹப் உடைந்தால் அரை மணி வேலை. தகடு போட்டால் உடைவது உள்ளே, சில்லு திரும்ப இடம் கொடுக்கும் பேர்பீல்ட் மூட்டு. எனக்கு ஹப்தான் சரி. தம்பி, சில்லுப் பேரிங்கையும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புது ஹப்பும் அதே கதிதான்.

வயல்கரை:
கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஐசின் ஜோடி எடுத்துவிட்டேன் அண்ணா. வலப்பக்கப் பேரிங்கில் ஆட்டம் இருந்தது, அதையும் மாற்றினேன். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, இரண்டையும் லொக் பண்ணி வலச் சில்லைக் கையால் சுற்றினேன். இடச் சில்லு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. இரண்டு ஹப்பும் பிடிக்கின்றன.