இக்காலுயிட்டில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் கையில் நிற்குமா?

மிசிசாகா_கணக்கன்:

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். கனடாவின் வடகோடியில் இருக்கிற நுனாவுட் பிரதேசத்தின் அரசில், தலைநகர் இக்காலுயிட்டில், எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது வாங்குவதைவிட வருடத்துக்கு 35 ஆயிரம் டாலர் கூடுதல், அதற்கு மேல் வடக்குப் படி என்று தனியாக ஒரு தொகை. வீடும் அவர்களே தருகிறார்கள், வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள், இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தால் இங்கே வீடு வாங்க முன்பணம் தேறிவிடும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டேன்.

மனைவிதான் இணையத்தில் தேடி ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு முட்டைக்கோஸ், விலைச்சீட்டில் 28 டாலர் சொச்சம். "பொரியல் செய்வதற்கு லோன் போடணுமா?" என்று கேட்கிறாள். படம் 2012 வாக்கில் வந்த பழையதுதான், ஆனாலும் அதற்கப்புறம் எனக்கும் தூக்கம் வரவில்லை. எங்களுக்கு 4 வயதில் ஒரு மகள். தினமும் வீட்டுச் சமையல்தான், சோறு, பருப்பு, ஏதாவது ஒரு காய், ஞாயிறானால் கோழி. அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் மளிகைக்கு மாதம் எவ்வளவு ஆகும், குழந்தைக் காப்பகம் கிடைக்குமா என்று சொல்லுங்கள். அப்புறம் ஒன்று, இப்படிச் சம்பளம் இல்லாத உள்ளூர் மக்கள் எப்படித்தான் சாப்பிடுகிறார்கள்?

---

கரடி_கண்ணில்_படல:

தம்பி, நான் அங்கே 4 வருடம் இருந்தேன், இன்றுவரை ஒரு பனிக்கரடியைக்கூடப் பார்க்கவில்லை, பெயர்க்காரணம் அதுதான். வீடு கொடுக்கிறார்கள் என்றால் பாதிக் கவலை விட்டது. அங்கே சொந்தமாக வாடகைக்குப் பிடிக்கப் போனால் இரண்டு படுக்கையறைக்கு 2,500 டாலருக்கு மேல் எண்ணி வைக்கணும், அதுவும் வீடு கிடைத்தால்தான். வீடு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள், எந்த வீடு, எப்போது சாவி என்பது உட்பட. நான் போனபோது "தற்காலிகமாக" என்று ஹோட்டலில் போட்டார்கள், மூன்று மாதம் மைக்ரோவேவில் சோறு வடித்தேன்.

இப்போது மளிகை. அந்த ஊருக்கு ரோடு கிடையாது. நுனாவுட்டில் இருக்கிற 25 ஊரில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக்கூட ரோடு கிடையாது. ஒட்டாவாவிலிருந்து மூன்று மணி நேரம் விமானம். பால், முட்டை, தக்காளி எல்லாமே அப்படிப் பறந்துதான் வரும். கனமான, கெட்டுப்போகாத சாமான் எல்லாம் கோடையில் கப்பலில் வரும், ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும், அதை சீலிஃப்ட் என்பார்கள். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும். 10 கிலோ அரிசி மூட்டையைக் கடையில் வாங்கினால் ஒரு விலை, கப்பலில் வரவழைத்தால் பாதிக்குப் பாதி. மாண்ட்ரியல் பக்கத்தில் பெட்டி கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்க் கடையில் வாங்கி அவர்களிடம் சேர்த்துவிட்டால், மரப்பெட்டியில் அடுக்கி ஆணியடித்து, பெயர் எழுதிக் கப்பலேற்றி விடுவார்கள்.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. இரண்டாம் வருடம் 12 மூட்டை அரிசி, 20 கிலோ துவரம்பருப்பு, உளுந்து, புளி, நல்லெண்ணெய் 5 லிட்டர் டின் நான்கு, வருடம் முழுக்கத் தேவையான டாய்லெட் பேப்பர், சோப்புத் தூள் எல்லாம் போட்டேன். பெட்டி வந்து இறங்கிய அன்றைக்குக் கடப்பாரை வைத்து ஆணியைப் பிடுங்கித் திறந்தபோது மிளகாய்த்தூள் வாசம் அடித்தது பாருங்கள், அந்தக் குளிரில்! பக்கத்து வீட்டுக்காரர் வந்து பெட்டி மரத்தை எனக்குத் தருவாயா என்று கேட்டார். மரமே முளைக்காத ஊர், அந்தப் பலகையில்தான் பாதிப் பேர் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஒரு படுக்கையறை குடோன் ஆகிவிட்டது, விருந்தாளி வந்தால் அரிசி மூட்டைமேல்தான் படுக்கை.

காய்கறிக்குத்தான் வழியில்லை. உருளை, கேரட், வெங்காயம், முட்டைக்கோஸ் கிடைக்கும், தெற்கைவிட விலை ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ. கொத்தமல்லிக் கட்டு வாடி வதங்கி 6 டாலருக்குக் கிடந்தது, வாங்கினேன், என்ன செய்ய. பனிப்புயல் வந்து நாலு நாள் விமானம் இறங்காவிட்டால் பால் இருக்கிற இடத்தில் வெறும் அலமாரிதான். நாங்கள் மூன்று பேர், காய், பால், கறிக்கு மட்டும் மாதம் 1,300 ஆச்சு, கப்பல் சாமான் தனி.

காப்பகம்: ஒரு நாளைக்கு 10 டாலர்தான், 2022 டிசம்பரிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். கட்டணம் பிரச்சினையே இல்லை, இடம்தான் கிடைக்காது. இன்றைக்கே பெயர் கொடுத்து வையுங்கள். வரி போடும் வருமானத்தில் வடக்கு வாசிகளுக்கான கழிவு ஒரு நாளைக்கு 22 டாலர் வரை உண்டு, வருடத்துக்கு 8,030. நீங்களே கணக்கர், உங்களுக்கு நான் சொல்லணுமா.

---

கால்கரி_குப்புசாமி:

ஒரு சந்தேகம். ஒட்டாவா அரசுதான் வடக்குக்கு உணவு மானியம் கொடுக்கிறதே, கோடிக்கணக்கில். அப்புறமும் விலை இப்படி என்றால் கடைக்காரன் அமுக்குகிறான் என்றுதானே அர்த்தம்? இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன், ஊருக்கு ஒரே கடை என்றால் வேறென்ன நடக்கும்.

---

கரடி_கண்ணில்_படல:

அமுக்குகிறார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, முழுசாக இறங்குகிறது என்றும் சொல்ல முடியாது. 2011 ஏப்ரல் வரை ஃபுட் மெயில் என்று ஒன்று இருந்தது, தபால் வழியாக அனுப்பும் செலவையே குறைத்தார்கள். அதை நிறுத்திவிட்டு நியூட்ரிஷன் நார்த் என்று கொண்டுவந்தார்கள், இதில் கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் கடைக்காரர் கைக்குப் போகும், அவர் விலையில் குறைத்துத் தரணும். குறைத்தாரா என்று யார் பார்ப்பது? முழு மானியமும் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேருகிறதா என்று துறையே சரிபார்க்கவில்லை என்று 2014இல் தலைமைத் தணிக்கையாளர் எழுதினார். அப்புறம் டொராண்டோ ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் மானியம் ஒரு டாலர் கூடினால் விலை சராசரியாக 67 சென்ட்தான் இறங்குகிறது, போட்டிக் கடை இல்லாத ஊரில் அதைவிடக் குறைவு. மீதி எங்கே போனது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கடைக்காரர் செலவையும் பார்க்கணும். அங்கே கரண்ட் முழுக்க டீசலில் ஓடுகிறது, அந்த டீசலும் கோடையில் கப்பலில் வந்து வருடம் முழுக்கத் தொட்டியில் கிடப்பது. ஃப்ரீசர் ஓடணும், கட்டடத்தைச் சூடாக வைக்கணும், ஒரு வருடச் சரக்கை ஒரே தடவையில் வாங்கிப் போட்டு அதற்கு வட்டி கட்டணும்.

---

வடதுருவத்_தாதி:

கணக்கன் தம்பி கடைசியாய்க் கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. நான் சொல்லிறன். நான் ரொறன்ரோவில் இருந்து மாறி மாறிப் போய்ச் சின்ன ஊர்களின் சுகாதார நிலையங்களில் தாதியாக வேலை செய்கிறேன், 9 வருசமாச்சு.

மேலே அண்ணர் சொன்ன சீலிஃப்ட் கதை முழுக்க உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு அவர் எவ்வளவு காசை முன்கூட்டிக் கட்டினவர் என்று சொல்லேல்லை. எப்படியும் நாலாயிரம், ஐயாயிரம் போயிருக்கும். கடன் அட்டை இருந்திருக்கும், குடோன் ஆக்க ஒரு அறையும் இருந்திருக்கும். அந்த ஊர்ச் சனத்தில் கனபேருக்கு இரண்டும் இல்லை. அரசாங்க வீட்டில் மூன்று அறைக்குள் பத்துப் பேர் முறை வைத்துப் படுக்கிறார்கள், அரிசி மூட்டையை எங்கே வைக்கிறது? ஆகவே அவர்கள் கிழமைக்குக் கிழமை கடையில் சின்னப் பொதியாக, கடை சொல்லுகிற விலைக்கு வாங்குகிறார்கள். பாதி விலையில் சாப்பிடுகிறது எங்களைப் போலத் தெற்கில் இருந்து போன, சம்பளம் கூடின ஆட்கள். முழு விலை குடுக்கிறது கையில் காசில்லாதவர்கள். எனக்கு இது விளங்கவே இரண்டு வருசம் எடுத்தது.

பிள்ளைகளுக்கான அரசாங்கக் காசு மாதம் 20ஆம் திகதியளவில் வரும். அண்டைக்குக் கடை நிரம்பி வழியும். ஒருமுறை எனக்கு முன்னால் ஒரு இளம் தாய், வண்டிலுக்குள் இருந்த பிள்ளை திராட்சைப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்குது. தாய் காசாளரிடம் தொகையைக் கேட்டாள், பிறகு ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள். மா வைத்துக்கொண்டாள், பன்னொக் ரொட்டி சுடுகிறதுக்கு. பால்மா வைத்துக்கொண்டாள். திராட்சை திரும்பப் போனது. பிள்ளை அழேல்லை, பழகிப்போன பிள்ளை. நுனாவுட்டில் 2017-18 கணக்கெடுப்பில் 57 சதவீதக் குடும்பங்களுக்குப் போதிய உணவுக்கு உத்தரவாதம் இல்லை என்று வந்தது, அந்தக் கணக்குக்குள் இவளும் ஒருத்தியாய் இருந்திருப்பாள்.

தம்பியின் மனைவி பார்த்த முட்டைக்கோஸ் மாதிரிப் படங்கள் சும்மா வந்ததில்லை. 2012இல் இக்காலுயிட்டில் லீசி பபாட்சி என்ற பெண் பேஸ்புக்கில் ஒரு குழு தொடங்க, சனம் விலைச்சீட்டுகளைப் படம் எடுத்துப் போட்டு, பிறகு கடை வாசலில் பதாகையோடு நின்றது. அங்கத்தைப் பூர்வீகக் குடிகளான இனுயிட் சனம் லேசில் தெருவில் இறங்கிச் சத்தம் போடுகிற ஆட்கள் இல்லை.

---

நார்த்_யார்க்_நந்தன்:

மன்னிக்கணும், குறுக்கே பேசுகிறேன். அவ்வளவு கஷ்டம் என்றால் தெற்கே வந்து குடியேறலாமே? நாமெல்லாம் எங்கிருந்தோ வந்து பிழைக்கவில்லையா. மானியம் கொட்டிக்கொண்டே இருப்பதைவிட அது மலிவு.

---

வடதுருவத்_தாதி:

நந்தன், கோபிக்காமல் கேளுங்கோ. இனுயிட் சனத்தை ஒரே இடத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னதே அரசாங்கம்தான். அதுக்கு முந்தி அவர்கள் மிருகம் போற பக்கம் போய் வேட்டையாடிச் சீவித்தவர்கள். 1953இலும் 1955இலும் கியூபெக்கின் வடக்கில் இனுக்ஜுவாக் பக்கம் இருந்த குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், 2,000 கிலோமீட்டர் வடக்கே கிரைஸ் ஃபியோர்டிலும் ரெசொலூட்டிலும் இறக்கிவிட்டது அரசாங்கம். அங்கே வேட்டை நல்லாயிருக்கும், விருப்பமில்லையென்றால் இரண்டு வருசத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் கொண்டுபோனவர்கள். சொன்னபடி திருப்பிக் கூட்டிக்கொண்டு வரேல்லை. 2010இல்தான் அதுக்கு மன்னிப்புக் கேட்டது. அப்படிக் கொண்டுபோய் விட்ட இடத்தில் உணவு விலை கூடிப்போச்சு, எழும்பி வா என்றால்? ஊரை விட்டு எழும்பு என்று இன்னொருத்தன் வந்து சொல்லுறது எப்படி இருக்கும் என்று எங்கட சனத்துக்கு விளக்க வேணுமா?

வேட்டையாடிச் சாப்பிடலாமே என்று அடுத்ததாய்க் கேட்பீர்கள். சாப்பிடுகிறார்கள்தான், கரிபூ மான், சீல் எண்ட கடல்நாய், ஆர்க்டிக் சார் மீன். ஆனால் அதுக்கும் காசு வேணும். ஸ்னோமொபீல், பெற்றோல், துவக்குக்கு ரவை, எல்லாம் கப்பலில் வந்த விலை. முந்தி சீல் தோலை வித்து அந்தக் காசில் பெற்றோல் அடித்தார்கள். 1983இல் ஐரோப்பா சீல் குட்டித் தோலுக்குத் தடை போட, இவர்கள் பிடிக்கிற பெரிய சீலின்ர தோலும் சேர்ந்து விலை விழுந்தது. இப்ப உத்தியோகம் உள்ளவனிடம் பெற்றோலுக்குக் காசு இருக்கு, வேட்டைக்குப் போக நேரமில்லை, வேட்டை தெரிஞ்சவனிடம் நேரம் இருக்கு, காசில்லை. அப்படியிருந்தும் ஒரு கரிபூ விழுந்தால் அண்டு பின்னேரமே பங்கு வீடு வீடாய்ப் போகும். எனக்கும் ஒருக்கா ஒரு துடை வந்தது, மிளகாய்த்தூளும் கறுவாவும் போட்டுப் பிரட்டல் வைச்சுக் குடுத்தன், கிழவி ஒருத்தி தண்ணி குடிச்சுக் குடிச்சுச் சிரிச்சவ.

---

நார்த்_யார்க்_நந்தன்:

சரி அக்கா. இந்த 1953 விஷயம் எனக்குத் தெரியாது. வாய் விட்டது தப்பு.

---

மிசிசாகா_கணக்கன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "போறதா இருந்தா அந்தப் பெட்டியில நமக்கு மட்டும் போடாத" என்றாள். காப்பகத்தில் பெயர் கொடுத்தாயிற்று, 41ஆவது இடம். இடம் கிடைக்கும்வரை நான் மட்டும் போவதா, மூன்று பேருமா என்று இன்னும் இழுபறிதான். கரடி அண்ணா, கிரைண்டரைப் பெட்டியில் போடலாமா? அந்தக் குளிரில் மாவு புளிக்குமா?

---

கரடி_கண்ணில்_படல:

தாராளமாகப் போடு, கல்லைத் தனியாகக் கம்பளியில் சுற்று. மாவுப் பாத்திரத்தை பாய்லர் அறையில் வை, ராத்திரியோடு பொங்கி வழியும். திரவச் சாமானைக் கடைசிக் கப்பலில் போடாதே, வழியிலேயே உறைந்து டப்பா வெடித்துவிடும், முதல் கப்பலில் போடு. முதல் கப்பலுக்குச் சாமான் சேர்க்கும் கடைசித் தேதியை இன்றைக்கே கேட்டுவிடு, ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டார்கள்.