லிதுவேனியாவில் நான்கு வார இறுதிகள்: பிள்ளைகளுடன் எந்த விலங்குப் பூங்காக்களுக்கும் பண்ணைகளுக்கும் செல்லலாம்?

பொங்கோல் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் அலுவல் காரணமாக இம்மாதத் தொடக்கத்திலிருந்து லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் தங்கியிருக்கிறார். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையை அவருடன் கழிப்பதற்காகச் சிங்கப்பூரிலிருந்து நானும் பிள்ளைகள் இருவரும் மாமியாரும் அங்கே செல்லவிருக்கிறோம். வாரநாள்களில் அவருக்கு வேலை இருப்பதால், வெளியூர்ப் பயணங்களுக்கென்று எங்களுக்குக் கிடைப்பவை நான்கு வார இறுதிகள்தாம்.

மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். விலங்குகள் என்றால் அவனுக்கு உயிர். மகளுக்கு ஐந்து வயது. பொங்கலின்போது லிட்டில் இந்தியாவில் கட்டியிருந்த மாட்டின் அருகே அவளைத் தூக்கிச் சென்றேன். அது தலையைத் திருப்பி ஒரு பெருமூச்சு விட்டது. அந்த வெப்பக்காற்று முகத்தில் பட்டதும் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு அழுதவள், இன்றுவரை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் படுத்திருக்கும் பூனையைக் கண்டால்கூட என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அவளை வற்புறுத்தாமல், அவளாகவே அச்சம் தெளியும்படியான இடம் ஏதேனும் அங்கே இருக்குமா என்பதே என் முதல் கேள்வி.

இணையத்தில் தேடினால் அல்பாக்கா பண்ணை, தீக்கோழிப் பண்ணை, மான் பண்ணை, சிறு விலங்குப் பூங்கா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எது விலங்குகளை நன்றாக வைத்திருக்கும் இடம், எது படம் எடுப்பதற்காகவே நடத்தப்படும் இடம் என்று படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. வாகனம் வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமா, மாமியார் சைவம் என்பதால் உணவுக்கு என்ன செய்வது, பிள்ளைகளின் உடல்நலத்திற்கு முன்கூட்டியே எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கௌனஸில் மூன்றாண்டு எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் 3 ஆண்டுகள் கௌனஸ் நகரில் பணியாற்றிவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியவன். என் பிள்ளைகளும் அப்போது ஏறக்குறைய உங்கள் பிள்ளைகளின் வயதில் இருந்தார்கள். நான்கு வார இறுதிகளில் எட்டு இடங்களைப் பார்க்கத் திட்டமிடாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். ஜூன் மாதத்தில் அங்கே ஏறத்தாழ 17 மணி நேரம் பகல் வெளிச்சம் இருக்கும் என்பதால், "இன்னும் இருட்டவில்லையே, இன்னோர் இடமும் பார்த்துவிடலாமே" என்ற ஆசை எளிதில் வந்துவிடும். சிறுவர்கள் களைத்துப் போவதைக்கூட நாம் கவனிக்க மாட்டோம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வாரம் அனிக்ஷ்சியாய் என்னும் ஊருக்குச் செல்வேன். வில்னியஸிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அதற்கு அருகிலுள்ள நியூரோனிஸ் சிற்றூரில் 1978இல் நிறுவப்பட்ட குதிரை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய மரவீடுகளில் ஏர், வண்டி, சேணம் ஆகியவற்றைப் பார்த்த பிறகு, வெளியே உயிருள்ள குதிரைகளையே பார்க்கலாம். வண்டியிலும் ஏறிச் செல்லலாம். அந்நாட்டிற்கே உரிய ஜெமைத்துகாஸ் என்னும் குதிரை இனம் அளவில் சிறியது, இயல்பில் சாதுவானது. ஒரு காலத்தில் சில பத்துக் குதிரைகளே எஞ்சியிருந்த நிலையிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட இனம் அது. அதே ஊரில் 2015இல் திறக்கப்பட்ட, மரங்களின் உச்சி வழியே செல்லும் நடைபாதையும் இருப்பதால், குதிரை வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாலும் அந்த நாள் வீணாகாது.

மகனுக்காக ஒரு வாரத்தை பஷிலியாய் காட்டெருமைக் காப்பகத்திற்கு ஒதுக்குங்கள். பனெவெஜிஸ் நகருக்கு அருகிலுள்ள காட்டில் 1969இல் ஐரோப்பியக் காட்டெருமைகளை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. முதல் உலகப் போருக்குப் பின் காடுகளில் அந்த இனம் அற்றே போயிற்று. கடைசியாகக் காட்டில் வாழ்ந்தவை 1927இல் காக்கசஸ் மலைப்பகுதியில் கொல்லப்பட்டன. விலங்குக்காட்சிச் சாலைகளில் மிஞ்சியிருந்த ஒரு சில விலங்குகளின் வழித்தோன்றல்களே இன்று உலகில் உள்ள அத்தனை காட்டெருமைகளும். லிதுவேனியாவில் இப்போது அவை மீண்டும் காட்டில் திரிகின்றன. உழவர்களின் பயிரை மேய்ந்துவிடுகின்றன என்ற மனக்குறை எழும் அளவிற்குப் பெருகியும் இருக்கின்றன. காப்பகத்தில் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். தொடுவதற்கோ உணவு கொடுப்பதற்கோ அங்கே இடமில்லை. ஆயினும் முக்கால் டன் எடையுள்ள ஒரு காளை, நெற்றியில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருக்க, நம்மைப் பொருட்படுத்தாமல் அசைபோட்டுக்கொண்டு நிற்பதை என் மகன் முக்கால் மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கௌனஸ் விலங்குக்காட்சிச் சாலையை விலங்கியல் அறிஞர் தடாஸ் இவனவுஸ்கஸ் 1938இல் நிறுவினார். கருவாலி மரங்கள் நிறைந்த பூங்காப் பகுதியில் அமைந்துள்ள அச்சாலை, பெரும் புதுப்பிப்புப் பணிக்காகச் சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது. எனவே திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு செல்லுங்கள். வில்னியஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும் என்பதால் வாகனம் தேவையில்லை. சிங்கப்பூரின் மண்டாய் விலங்குத் தோட்டத்திற்குப் பழகிய பிள்ளைகளுக்கு அது சிறியதாகத் தோன்றக்கூடும்.

மற்ற இடங்களுக்கு வாகனம் வேண்டும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், கார்களுக்குச் சாலைக் கட்டணம் கிடையாது. காட்டுவழிச் சாலைகளில் கடமான் போன்ற பெரிய மான்கள் திடீரெனக் குறுக்கே வரும் என்பதால், விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஜூன் 24 அங்கே பொது விடுமுறை. அதையொட்டிய நாள்களில் கிராமத்துத் தங்கும் வீடுகள் நிறைந்துவிடும்.

விலங்கு மருத்துவ உதவியாளர் எழுதியது:

பொங்கோல் அக்காவுக்கு வணக்கம். நான் இங்கே ஒரு விலங்கு மருந்தகத்தில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். லிதுவேனியாவிற்கு ஒரு முறைதான் சென்றிருக்கிறேன். எனினும் "எது நல்ல இடம்" என்ற கேள்விக்கு எந்த நாட்டிற்கும் பொருந்தக்கூடிய ஒரு விடை என்னிடம் இருக்கிறது: பிள்ளைகளிடமிருந்து விலகிப் போய் ஒதுங்குவதற்கு அந்த விலங்குக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அங்கே நாங்கள் சென்ற ஒரு சிறு பண்ணையில், முயல் ஒன்றைப் பிள்ளைகள் வரிசையாகக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது அசையாமல் இருந்ததால், "எவ்வளவு சாது" என்று பெற்றோர்கள் மகிழ்ந்தார்கள். காதுகள் முதுகோடு ஒட்டியிருந்தன, கண்கள் விரிந்திருந்தன, மூக்கு மட்டும் படபடவென்று துடித்தது. அஞ்சிய முயல் அப்படித்தான் உறைந்து போகும். அந்த நிலையில் திடீரெனத் துள்ளி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். நான் பண்ணைக்காரரிடம் பணிவாகச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் நுழைவுக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வெளியேறிவிட்டோம்.

அதே பயணத்தில் இன்னொரு குடும்பம் நடத்திய பண்ணையில், வெள்ளாட்டுத் தொழுவத்தின் நடுவே தாழ்வான ஒரு தடுப்பு இருந்தது. ஆடுகள் அதைத் தாண்டி அப்பால் போய்விடலாம், பிள்ளைகள் தாண்டக்கூடாது. வந்து நின்ற ஆட்டை மட்டும்தான் தொடலாம். அத்தகைய இடம்தான் உங்கள் மகளுக்கும் ஏற்றது. அவளை நிற்கச் சொல்லாதீர்கள், தரையில் உங்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால், ஆடு தானாக வந்து சட்டை நுனியை முகர்ந்து பார்க்கும். தலையின் மேலே கை கொண்டுபோனால் ஆடும் மிரளும், அவளும் மிரளுவாள். கழுத்தோரமாகத் தடவுவதற்குக் கற்றுக்கொடுங்கள். அவள் தொடாமலேயே திரும்பினாலும் அந்த நாள் நல்ல நாளே. பண்ணையில் கொடுக்கும் தீவனத்தைத் தவிர ரொட்டியோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம், அது ஆட்டின் வயிற்றைக் கெடுத்துவிடும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை மூன்று செய்திகள் மிக முக்கியம். விலங்குகளைத் தொட்ட பின்னும், தொடாமல் வேலியைப் பிடித்திருந்தாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கை கழுவ வேண்டும். பண்ணை விலங்குகளிடமிருந்து பரவும் சில கிருமிகளைக் கைச்சுத்திகரிப்பு மருந்து கொல்லாது. அடுத்தது உண்ணி. உண்ணிகளால் பரவும் மூளையழற்சி ஐரோப்பாவிலேயே மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளுள் லிதுவேனியாவும் ஒன்று. ஜூன் மாதம் உண்ணிகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலம். அதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் இரண்டு ஊசிகளுக்கு இடையே வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாத இடைவெளி வேண்டும் என்பதால், பயண மருந்தகத்தில் இந்த வாரமே பேசிவிடுங்கள். அதே உண்ணிகள் பரப்பும் லைம் நோய்க்கு இந்தத் தடுப்பூசி உதவாது. அதனால் நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டு, ஒவ்வொரு மாலையும் குளிக்கும்போது காதுக்குப் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களைப் பாருங்கள். மூன்றாவது, பண்ணையில் அன்போடு கொடுத்தாலும் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடிக்க வேண்டாம். அந்த மூளையழற்சிக் கிருமி பச்சைப் பால் வழியாகவும் பரவும். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் தொடாத நம் வீட்டு வழக்கத்தை அங்கேயும் விடாதீர்கள்.

பொங்கோல் தாய் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பயண மருந்தகத்தில் வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஒரே ஓர் ஐயம்: கடற்கரைப் பக்கம் போவது பயனுள்ளதா? டால்பின் காட்சி பற்றி மகன் எங்கோ படித்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மாமியாருக்கு நீண்ட நடை இயலாது.

தோ பாயோ தாத்தா எழுதியது:

அம்மா, என் மகள் கடலோர நகரமான கிளைப்பெடாவில் படித்தபோது இரண்டு கோடைகாலங்களை நான் அங்கே கழித்தேன். அந்தக் கடலோரம் போவது நிச்சயமாகப் பயனுள்ளது, ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். வில்னியஸிலிருந்து ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு, சனி, ஞாயிறு இரண்டு நாளும் தங்குவதே சரி.

லிதுவேனியக் கடல் அருங்காட்சியகம் ஸ்மில்தினே என்னும் இடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றில் 1979 முதல் இயங்குகிறது. நகரத்திலிருந்து படகில் சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடலாம். இறங்கிய இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் மாமியாருக்காக அங்கே ஏதேனும் வண்டி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். டால்பினகம் 1994இல் திறக்கப்பட்டது. உங்கள் மகன் அதைப் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. என்னைக் கேட்டால், கடலில் நாள்தோறும் பல கிலோமீட்டர் நீந்தும் உயிரினம் தொட்டிக்குள் வித்தை காட்டுவதை என் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சாம்பல்நிறக் கடல்நாய்களைப் பற்றி அவனுக்குச் சொல்லுங்கள். தாயைப் பிரிந்து மெலிந்து கரையொதுங்கும் பால்டிக் கடல்நாய்க் குட்டிகளை அருங்காட்சியகத்தார் எடுத்து வளர்த்து, உடல் தேறியதும் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அதற்கென்று தனி மறுவாழ்வு மையமும் 2022 முதல் இருக்கிறது. விலங்குகளை நேசிக்கும் சிறுவனுக்கு அதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் வென்டே முனையைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். 1929 முதல் நடந்துவரும் அருமையான பணி அது. ஆனால் பறவைகள் கூட்டங்கூட்டமாகக் கடக்கும் காலம் இலையுதிர்காலம் என்பதால், ஜூன் மாதத்தில் அதற்கென்று ஒரு நாளைச் செலவிட வேண்டாம்.

கட்டணமே இல்லாத ஒன்றைத் தவறவிடாதீர்கள். செங்கால் நாரை 1973 முதல் அந்நாட்டின் தேசியப் பறவை. நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் பெயராக மட்டுமே அறிந்த அந்தப் பறவை, அங்கே வீட்டுக்கு வீடு மின்கம்பத்தின் மேல் கூடு கட்டியிருக்கும். ஜூன் மாதத்தில் கூட்டில் குஞ்சுகள் இருக்கும். தாய் நாரை இறங்கும்போது, மற்றொன்று தலையை முதுகுவரை பின்னால் சாய்த்து, அலகுகளைத் தட்டித் தட்டிக் கடகடவென்று ஒலி எழுப்பும். விலங்குகளுக்கு அஞ்சும் குழந்தைகூட அதை வண்டியின் சன்னல் வழியாகவே பார்த்து மகிழலாம். உங்கள் மகளுக்கு நான் அதைத்தான் முதலில் காட்டுவேன்.

உணவைப் பொறுத்தவரை, பீட்ரூட்டும் கேஃபிர் என்னும் புளித்த பாலும் சேர்த்துச் செய்யும் இளஞ்சிவப்புக் குளிர்சூப்பை உங்கள் மாமியார் சாப்பிடலாம். அதில் அவித்த முட்டை இடுவார்கள் என்பதால், வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையில் பாலாடைக்கட்டிப் பூரணம் வைத்ததும் உண்டு, ஆனால் மேலே பன்றிக் கொழுப்பு வறுத்து ஊற்றிவிடுவார்கள். கிராமத்துத் தங்கும் வீடுகளில் சமையலறை பெரும்பாலும் இருக்கும். நான் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கிய பருப்பும் ரசப்பொடியும் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டேன்.

பொங்கோல் தாய் எழுதியது:

ஐயா, அண்ணா, தங்கை, மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றிரவு கணவருடன் பேசி முடிவு செய்துவிட்டோம். முதல் வாரம் தொலைவில் எங்கும் போகாமல், வில்னியஸுக்கு அருகிலுள்ள கிராமச் சாலைகளில் மெதுவாக ஓட்டிச் சென்று நாரைக் கூடுகளைப் பார்ப்பது. இரண்டாம் வாரம் நியூரோனிஸ் குதிரைகள். மூன்றாம் வாரம் பஷிலியாய் காட்டெருமைகள். கடைசி வாரம் கடல்நாய்கள். தொட்டுப் பார்க்கும் பண்ணை ஒன்றை மட்டும் நியூரோனிஸ் செல்லும் வழியில் தேடுகிறோம். முன்பதிவு செய்யும் முன், ஆடுகள் ஒதுங்குவதற்குத் தனி இடம் உண்டா என்று மின்னஞ்சலில் கேட்கும்படி கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

டால்பினுக்குப் பதிலாகக் கடல்நாய் என்று மகனிடம் சொன்னபோது முதலில் முகம் வாடினான். குட்டிகளைத் திரும்பக் கடலில் விடுவார்கள் என்று விளக்கியதும், "விடும்போது அதற்கு வழி தெரியுமா அம்மா?" என்று கேட்டான். மகள் இன்று காலை கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி, தலையைச் சாய்த்து, நாரை எப்படி ஒலி எழுப்பும் என்று என்னிடம் செய்து காட்டச் சொன்னாள்.