ஓட்டுக்குள் ஒன்று, காவோலைக்குள் ஒன்று: வன்னியில் நாம் எதிர்கொண்ட வௌவால்கள்

துணுக்காயான்:

போர் முடிந்தபின் 2010 ஆம் ஆண்டு நடந்த மீள்குடியேற்றத்தின்போது எங்கள் வளவுக்குத் திரும்பிய நாளில், பாதிக் கூரையோடு நின்ற வீட்டில் எங்களுக்கு முன்னரே குடியேறியிருந்தவை வௌவால்கள். நாங்கள் முற்றத்தில் தறப்பாள் கட்டி இருந்தோம். அவை வீட்டுக்குள் இருந்தன. பொழுது பட்டதும், வளைக்கும் ஓட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் மட்டுமே நுழையக்கூடிய இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக வழுகி விழுந்து, நிலத்தைத் தொட ஒரு முழம் இருக்கும்போது செட்டையை விரித்துக்கொண்டு பறந்துவிடும். என் மூத்த மகள் ஒரு மாலை நாற்பத்து மூன்று வரை எண்ணிவிட்டு, நுளம்பு கடிக்கிறதென்று எழுந்து வந்துவிட்டாள்.

கூரையைத் திருத்தும் வேளை வந்தபோது நான் செய்த காரியத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். பொச்சுமட்டையை மூட்டிப் புகை போட்டேன். பெரியவை எல்லாம் பறந்துபோயின. மறுநாள் காலை கூட்டுவதற்கு விளக்குமாற்றை எடுத்த மனைவி என்னைக் கூப்பிட்டார். சீமெந்து நிலத்தில் மயிரில்லாத, கண் திறவாத குட்டிகள் பதினொன்று கிடந்தன. ஒவ்வொன்றும் என் பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. எலிக்குட்டிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்றைக் கடதாசித் துண்டால் புரட்டியபோதுதான், விரல்களுக்கிடையே வெங்காயத் தோலைப் போன்ற சவ்வு இருப்பது தெரிந்தது. அன்றிரவு தாய்கள் சில திரும்பி வந்து கூரையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. அதற்குள் இடுக்கைச் சாந்து பூசி அடைத்துவிட்டிருந்தோம்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். எந்த வௌவால், எங்கே தங்கியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

மாங்குளம் ரீச்சர்:

தம்பி, நீங்கள் கண்டவை பெரும்பாலும் பிப்பிஸ்ரெல் என்று அழைக்கப்படும் சிறிய பூச்சியுண்ணி வௌவால்களாக இருக்க வேண்டும். ஐந்து கிராம் அளவேயுள்ள அந்தப் பிராணியையும், ஒரு கிலோவைத் தாண்டக்கூடிய பழந்தின்னியையும் நாம் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு, ஒன்றின் பழியை மற்றொன்றின் தலையில் சுமத்துகிறோம். உலகில் 1400 க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களும் இலங்கையில் ஏறத்தாழ 30 இனங்களும் உள்ளன. வாவல் என்ற பழைய சொல்லோடு துரிஞ்சில் என்று இன்னொரு சொல்லும் நம் அகராதிகளில் கிடக்கிறது. அந்தச் சொல்லை நாம் கைவிட்டது எனக்கு உண்மையிலேயே மனக்குறை.

என் அனுபவம் ஏ9 வீதிக்கு உட்புறமாக, நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த ஒரு கட்டிடத்தில் நிகழ்ந்தது. அங்கே பேய் இருக்கிறது என்று மாணவர்கள் சொன்னதால் நாலு பேரை அழைத்துக்கொண்டு பகலிலேயே போனேன். இருண்ட அறையின் ஒரு மூலையில், நிலத்தில் ஒரு சாண் வட்டத்துக்குள், தவளையின் பின்னங்கால்கள், பல்லி வால், விட்டில் செட்டைகள், ஏதோ சிறு குருவியின் இறகுகள் ஆகியவை யாரோ கூட்டிக் குவித்ததைப்போல் கிடந்தன. பிள்ளைகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ரோர்ச்சை மேலே அடித்தபோது ஐந்து வௌவால்கள் தலைகீழாகத் தொங்கியபடி எங்களைப் பார்த்தன. காதுகள் இரண்டும் நெற்றிக்கு மேலே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, மூக்கின் மேல் இலை போன்ற சதை நிமிர்ந்து நின்றது, வால் தென்படவேயில்லை. ஆங்கிலத்தில் இதற்கு இரத்தம் குடிக்கும் வௌவாலின் போலி என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் இது இரத்தம் குடிப்பதில்லை. இரையைப் பிடித்து, வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்து தொங்கியபடி தின்று, மீதியைக் கீழே போடும். தரையில் இரை அசையும் சரசரப்பை மட்டும் கேட்டே அதைப் பிடித்துவிடும் திறமை இதற்கு உண்டு. இரத்தம் குடிக்கும் இனங்கள் உலகில் மூன்றே மூன்று. மூன்றும் மெக்சிகோவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் மட்டும் வாழ்பவை.

வகை பிரித்தறிவதற்குக் கண்ணும் காதும் நகமும் போதும். பழந்தின்னிகளுக்குக் கண் பெரியது, காது எளிமையானது, பெருவிரலோடு சுட்டுவிரலிலும் பெரும்பாலும் நகம் இருக்கும். பூச்சியுண்ணிகளுக்குக் கண் சிறியது, நகம் பெருவிரலில் மட்டும் இருக்கும். அவை நமது செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் வழியறிகின்றன. எந்த வௌவாலும் குருடு அல்ல. ஆனால் பெரியது ஒரு குலம், சிறியது ஒரு குலம் என்று நான் முன்னர் கற்பித்த பாடம் இப்போது பிழையாகிவிட்டது. மரபணு ஆய்வுகளின்படி, நான் அந்த அறையில் கண்ட இலைமூக்கு வௌவால், தம்பியின் கூரை வௌவாலைவிடப் பழந்தின்னிக்கே நெருங்கிய உறவு.

கூரையில் கிடக்கும் புழுக்கை எலியுடையதா என்று ஐயம் வந்தால், ஒரு ஈர்க்கால் அழுத்திப் பாருங்கள். வௌவாலுடையதாயின் பொடியாக உதிரும். அந்தப் பொடியில் பூச்சிச் செட்டைத் துணுக்குகள் மினுங்கும். எலிப் புழுக்கை உதிராது. அந்த மினுங்கலில் நம் வயலைக் கெடுக்கும் பூச்சிகளும் இருக்கலாம். தாய்லாந்தில் நெற்பயிரைத் தாக்கும் தத்திகளை வௌவால்கள் பெருமளவில் உண்பது ஆய்வில் தெரியவந்திருக்கிறது. நாமோ காலபோகத்தில் தத்திக்கு மருந்தடித்து, அதே மருந்தால் தத்தி தின்னும் பிராணியையும் வாட்டுகிறோம்.

புளியங்குளம் வாசி:

என்னுடையது சிறிய அனுபவம், ஆனால் சொல்ல வேண்டியது. கிணற்றடியில் விழுந்து கிடந்த பெரிய வௌவாலை இரக்கப்பட்டு வெறுங்கையால் தூக்கினேன், பெருவிரலில் கடித்துவிட்டது. வைத்தியசாலையில் விசர்நாய்க்கடிக்குப் போடும் ஊசியைப் போட்டபோது சிரிப்பு வந்தது. பிறகுதான் அறிந்தேன், இலங்கைப் பழந்தின்னி வௌவால்களில் விசர்நோய்க் கிருமியின் உறவான ஒரு வைரசைக் கண்டுபிடித்து, கன்னொறுவை என்ற ஊரின் பெயரைச் சூட்டி 2016 ஆம் ஆண்டில் அறிவித்திருக்கிறார்கள் என்று. தரையில் கிடக்கும் வௌவாலை யாரும் வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பாளைக்கத்தி:

ஒட்டுசுட்டானில் மூன்று தலைமுறையாகப் பனை சீவிக் கள் இறக்கும் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. பனைக்கு மேலே ஏறுபவனுக்கு வௌவால் பக்கத்து வீட்டுக்காரன். காவோலை மரத்தோடு ஒட்டித் தொங்கும் இடத்தில் கையை வைத்தால், உள்ளே இருந்து சூடான மூச்சு படும். அங்கே இரண்டு வகையைக் கண்டிருக்கிறேன். ஒன்று மஞ்சள் வயிறுடைய பூச்சியுண்ணி. மற்றொன்று ஐம்பது கிராம் அளவுள்ள, நாய்க்குட்டி முகமும் குட்டை மூக்கும் கொண்ட சிறிய பழந்தின்னி. இந்த இரண்டாவது பழத்தை மரத்திலிருந்தே தின்பதில்லை. கவ்விக்கொண்டு தன் ஓலைக்கு வந்து, மென்று சாற்றை உறிஞ்சி, சக்கையை உருண்டையாகத் துப்பும். பனையடியில் நாவல் கன்று எப்படி முளைத்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். காவோலை விழுந்தால் அழுவதற்கும் ஒரு சீவன் இருக்கிறது என்று நான் சேர்த்துச் சொல்வேன். போரில் தலையிழந்த பனைகள் போக எஞ்சியவற்றின் காவோலையை, காணி துப்புரவாக்கும்போது அடியில் தீ வைத்து எரிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. ஆவணி வெயிலில் ஓலை ஒரே மூச்சில் பற்றி மேலே ஏறும். பகலில் எரிந்தால் உள்ளே உறங்குபவற்றுக்குத் தப்ப வழியேது? நாங்கள் காவோலையைக் கத்தியால் வெட்டித்தான் இறக்குவோம். வெட்டுவதற்கு முன் கத்திப் பிடியால் இரண்டு முறை மட்டையைத் தட்டுவது என் அப்பா பழக்கியது.

2018 இல் கேரளாவில் நிப்பா வைரஸ் நோய் பரவிய செய்தி வந்தபோது, வௌவால்களை வெடி கொளுத்தித் துரத்த வேண்டும் என்று எங்கள் ஊரில் சிலர் கிளம்பினார்கள். அந்தப் பயம் முழுவதும் பொய்யல்ல. வங்கதேசத்தில், இரவில் வௌவால் வாய் வைத்த ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடித்ததால் அந்நோய் மனிதருக்குத் தொற்றியிருக்கிறது. நாங்கள் பனையில் கட்டும் கள் முட்டிகளுக்கும் வௌவால் வரும். அப்பா முட்டி வாயைப் பன்னாடையால் மூடிக் கட்டுவார். நானும் அப்படியே செய்கிறேன். ஆனால் துரத்துவது வேறு கதை. ஆஸ்திரேலியாவில் நிப்பாவுக்கு உறவான ஹென்ட்ரா வைரசை ஆராய்ந்தவர்கள், காடும் உணவும் இழந்து அலையும் பழந்தின்னிகளே வைரசை அதிகமாக வெளியேற்றுகின்றன என்று கண்டிருக்கிறார்கள். முட்டியை மூடும் வேலையை விட்டுவிட்டு வெடி கொளுத்துவது மூளையுள்ள செயலாக எனக்குத் தோன்றவில்லை.

ஆற்றங்கரையான்:

கனகராயன் ஆற்றங்கரை மருதமரங்களில் பெரிய பழந்தின்னிகள் தொங்குவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறேன். கோடையில் நடுப்பகலானதும் மரம் முழுவதும் விசிறி வீசுவதைப்போல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு செட்டையை மெல்ல ஆட்டித் தன்னைக் குளிர்விக்கும். மாலையில் குளத்துக்கு மேலே தாழப் பறந்து, நெஞ்சை மட்டும் நீரில் தோய்த்துவிட்டுப் போய், கொப்பில் தொங்கியபடி அந்த ஈரத்தை நக்கிக் குடிக்கும். இலுப்பை பூக்கும் காலத்தில் எங்கே போகின்றன என்று தேடவே வேண்டாம், மரத்தடியில் நின்றால் சண்டை கேட்கும்.

எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வந்த ஆண்டிலிருந்து கம்பிகளில் செத்த வௌவால்கள் தொங்கத் தொடங்கின. செட்டை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல் அகலம். சிறு குருவி ஒரு கம்பியில் உட்கார்ந்து தப்பிவிடும், இது இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடும். ஒரு காலை விழுந்து கிடந்த தாயின் நெஞ்சில் குட்டி உயிரோடு இருந்தது. சாக்கைச் சுற்றிக்கொண்டு பிரிக்கப் பார்த்தேன். பால்பற்கள் கொக்கிபோல் வளைந்து முலைக்காம்பைக் கவ்வியிருந்தன, விடவேயில்லை. இரண்டாம் நாள் அதுவும் போய்விட்டது. இந்த இனம் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும், ஐந்து மாதம் சுமக்கும். கோழியைப்போல் பெருகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொய்வு (ஆஸ்துமா) நோய்க்கு மருந்து என்று இடியன் துவக்கோடு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இறைச்சியைத் தின்று தொய்வு மாறிய ஒருவரையேனும் நான் கண்டதில்லை. அவர்களைவிடப் பெரிய கேடு மணல் அகழ்வு. ஆற்றை ஆழமாகத் தோண்டியதால் கரை உள்வாங்கி, மருதுகள் வேரோடு சாய்கின்றன. நான் சிறுவனாக இருந்தபோது ஏழு மரங்களில் தொங்கிய கூட்டம் இப்போது இரண்டில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது.

துணுக்காயான்:

ரீச்சர் சொன்னபடி புழுக்கையை அழுத்திப் பார்த்தேன், மினுங்கியது. ஆம், அவை மறுபடியும் வந்திருக்கின்றன, இம்முறை யன்னல் மேல்தட்டுக்கும் சுவருக்கும் இடையில். புகை போடவில்லை. வீட்டுக்குள் வராமல் உட்பக்கத்தை மட்டும் பலகையால் அடைத்துவிட்டேன். வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு என்பார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஏறத்தாழ அப்படித்தான்.

ஒரு வேண்டுகோள். எங்கள் வீதியை அகலிக்கப் போகிறார்கள், பழைய மதகை உடைத்துப் புதிதாகக் கட்டுவார்களாம். அதற்குள் நூறு வௌவால்களாவது இருக்கும். மூக்கில் இலை இருக்கிறதா என்பதை என் ரோர்ச் வெளிச்சத்தில் சரியாகக் காண முடியவில்லை. குட்டிகள் பறக்கத் தொடங்கும் முன் உடைத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளரிடம் பேசவேண்டும். அதற்கு முன் ரீச்சர் ஒரு சனிக்கிழமை வந்து பார்க்க முடியுமா? மாங்குளத்தில் இருந்து பஸ் இருக்கிறது. சந்தியில் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.